ஒருவரும் பங்குக்கு வராத மான்

இலங்கையில் போர் முடிந்த அந்த வைகாசியில் நான் ஒரு மானை வெட்டிச் சமைத்தேன். டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் இருக்கும் தமிழ்ச் சனத்துக்கு இது புதிய செய்தி இல்லை. கடையிலோ கோயிலிலோ நான் அங்கால் போனதும் 'மான் மாஸ்டர்' என்று குரலைத் தாழ்த்திச் சொல்லுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. மானை வெட்டினது சரி. தலையிலிருந்து குளம்பு வரைக்கும் ஒன்றையும் எறியாமல் எடுத்ததும் சரி. அந்தக் காலை திரும்பவும் வந்தால் கத்தியை எடுத்துக்கொண்டுதான் போவேன்.

நான் செய்த பிழை வேறு. அது அவர்களுக்குத் தெரியாது. என் மனைவியின் தம்பி செத்துப்போனான் என்ற செய்தி எனக்குச் சனிக்கிழமை காலையில் வந்தது. அவளுக்கு நான் அதைச் செவ்வாய்க்கிழமைதான் சொன்னேன். இடையில் இருந்த நாட்களில் அந்த மானை அவளுக்குச் சாப்பிடக் கொடுத்தேன். இதை எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். எழுதுங்கோ, ஆனால் எனக்கு வாசித்துக் காட்டவேண்டாம் என்றாள்.

இந்த நாட்டில் கடாமான் சுடும் காலம் மே மாத நடுவில் தொடங்குகிறது. வேட்டைக்காரர்களுக்கு அன்று பெருநாள் மாதிரி. சூரியன் எழும்பும்போதே காட்டோரத்தில் இருப்பார்கள். இங்கேயுள்ள மான் எங்கள் புள்ளிமான் போல இல்லை. நல்ல ஆட்டுக்கிடாய் அளவு இருக்கும். கோடையில் செம்பட்டை நிறம், சின்னக் கொம்பு.

தொழிற்சாலையில் என்னோடு ஒரே பகுதியில் வேலைசெய்த டேனிஷ்காரர் ஒருவர் வேட்டைக்குப் போவார். ஊருக்கு வெளியே அவருக்கு ஒரு பண்ணைவீடும் அதன் பின்னால் ஊசியிலை மரக்காடும் இருந்தன. அவர்கள் மானில் முதுகையும் பின்தொடைகளையும் விரும்பி எடுப்பார்கள். முன்னந்தொடைகளை அரைத்து வைப்பார்கள். குடலும் ஈரலும் சுட்ட இடத்திலேயே நரிக்குப் போகும். தலையில் கொம்பு சுவருக்கு, மிச்சம் குப்பைக்கு. நான் வேலைக்குச் சேர்ந்து சில வருடங்களின் பின், அவருடைய கொட்டிலில் ஒரு வாளி நிறையக் கால்களும் கழுத்தும் விலா எலும்பும் கிடந்ததைக் கண்டு, இதை நான் எடுக்கலாமா என்று கேட்டேன். எத்தனை நாய் வளர்க்கிறாய் என்றார். நாய் இல்லை, ஆறு குடும்பம் என்றேன். என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கேலி இருக்கவில்லை. அடுத்த வருடத்திலிருந்து முதல் நாள் சுடும் மானைக் குடலோடு முழுசாக எனக்கே தந்தார். கொம்பு மட்டும் அவருக்கு. பதிலுக்கு என் மனைவி மானிறைச்சி வைத்துச் செய்யும் ரோல்ஸ் ஒரு பெட்டி அவருடைய வீட்டுக்குப் போகும்.

நான் ஊரில் விலங்கியல் படிப்பித்தவன். இங்கே பெட்டி அடுக்கினேன். வருடத்தில் ஒரு நாள் அந்த மானுக்கு முன்னால் நிற்கும்போது மட்டும் படித்த படிப்பு கைக்கு வரும். நெஞ்சுக்கூட்டில் தேங்கி உறைந்திருக்கும் இரத்தத்தை அகப்பையால் அள்ளி வடித்தால், வெங்காயத்தோடு வறுத்தெடுக்கும் ஒரு வறைக்குக் காணும். மானின் ஈரலில் பித்தப்பை கிடையாது. ஆட்டைப்போலக் கைதவறிக் கசப்பு உடைந்துவிடும் என்ற பயம் இல்லை. இரைப்பையைத் திறந்து உள்ளே இருக்கும் பச்சைத் தழையை அவருடைய ரோசாச் செடிகளுக்கு அடியில் கொட்டிவிட்டு, கொதிதண்ணீர் ஊற்றிச் சுரண்டினால் வெள்ளைத் துவாய் மாதிரி வரும். குடலை உள்வெளியாகத் திருப்பிக் குழாய்த் தண்ணீரில் கழுவவேண்டும். கால்களை நெருப்பில் பொசுக்கிக் குளம்பைத் திருகி எடுத்தால் சூப்புக்கு ஆகும். தலையில் நாக்கு, கன்னச்சதை, மூளை. தொடையில் ஒரு பகுதி உப்பும் மஞ்சளும் தடவிக் கயிற்றில் கோத்து வத்தலாகும். அதைக் கராஜில் காற்றாடிக்கு முன்னால்தான் காயவைப்பேன், இந்த நாட்டு வெயிலை நம்பேலாது. குண்டு பட்டுக் கறுத்த சதை அவருடைய நாய்க்கு. தோலை உப்புப் போட்டுப் பதப்படுத்தினால் அது எங்கள் கோயில் ஐயருக்கு. ஐயர் முட்டை கூடத் தொடமாட்டார். ஆனால் மான்தோலில் அமர்ந்து செபம் செய்வது விசேஷம் என்று அவராகவே கேட்டு வாங்கினார். என்னை 'மான் மாஸ்டர்' என்று சொல்லிக்கொண்டு கோயிலுக்குப் போகிறவர்கள், ஐயர் எதன்மேல் இருந்து மந்திரம் சொல்லுகிறார் என்று ஒருமுறை குனிந்து பார்க்கலாம்.

பங்கு போடுவதைப் பற்றி யாழ்ப்பாணத்தாருக்கு நான் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொல்லுகிறேன். சில வீடுகள் சேர்ந்து ஒரு ஆட்டை அடித்தால், ஒவ்வொரு பங்கிலும் எல்லாவற்றிலும் ஒரு துண்டு விழும்படி பிரிப்போம். ஈரல் ஒரு வீட்டுக்கு, எலும்பு இன்னொரு வீட்டுக்கு என்று போகாது. எங்கள் கராஜில் பொலித்தீன் விரித்து மானையும் அப்படித்தான் ஆறு கூறு வைப்போம். ஒருவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பார். நான் ஒரு கூறைத் தொட்டு "இது ஆருக்கு?" என்பேன். அவர் பார்க்காமல் ஆளைச் சொல்லவேண்டும். மாஸ்டர் நல்ல கூறு வந்தால் குரலை மாற்றிச் சைகை காட்டுகிறார் என்று ஒவ்வொரு வருடமும் ஒரு சண்டை வரும். ஒரு வீடு தனியாக என்றால் யாரும் குடல் கழுவமாட்டார்கள். ஆறு வீடு சேர்ந்தால் அது ஒரு கொண்டாட்டம்.

அந்த வருடம் மாசியிலிருந்தே எங்கள் வீட்டில் சமையல் குறைந்துபோயிருந்தது. மனைவியின் தம்பி வன்னியில் கடைசியாக மிஞ்சிய துண்டு நிலத்துக்குள் அகப்பட்டிருந்தான். அவளுக்கு வேறு சகோதரம் இல்லை. தாய் நேரத்தோடு செத்துப்போனதால் அவள்தான் அவனை வளர்த்தவள். அவனுடைய குரலைக் கடைசியாகக் கேட்டது தை மாதத்தில். அவள் முதியோர் இல்லத்தில் வேலைசெய்தாள். அங்கே மற்றவர்களுக்குச் சாப்பாடு தீத்திவிட்டு வீட்டுக்கு வந்து, ஒரு கோப்பை தேத்தண்ணீரோடு தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பாள். ஏப்ரல் முடியும்போது வேலையிடத்தில் மயங்கி விழுந்தாள். இரத்தத்தில் இரும்பு மிகவும் குறைவு என்று டொக்டர் குளிசை கொடுத்தார். அந்தக் குளிசைகள் குசினி யன்னலில் இருந்த பூச்சாடிக்குள் கிடந்ததை நான் கண்டேன். கேட்டதற்கு, அவன் அங்கே கஞ்சிக்கு வரிசையில் நிற்கிறான், எனக்குத் தொண்டையால் இறங்கவில்லை என்றாள். ஒடென்சேயில் படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள் ஒவ்வொரு நாளும் போன் எடுத்து, அம்மா சாப்பிட்டாவா என்று டேனிஷில் கேட்பாள். இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போயிருந்தது.

மே தொடக்கத்தில் பங்குக்காரர் எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். இந்த முறை மான் வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டு எனக்கு அறிவிக்க வந்திருந்தார்கள். கதைத்தவர் எங்களில் இளையவர், போரை நிறுத்தச் சொல்லி நடக்கும் ஊர்வலங்களுக்குப் பஸ் ஒழுங்கு செய்பவர். மான்காலம் தொடங்கும் அந்தச் சனிக்கிழமையும் தலைநகரில் ஒரு ஊர்வலம் இருந்தது.

"அங்கை சனம் சாகுது மாஸ்டர். நாங்கள் இங்கை குடல் கழுவிக்கொண்டிருக்கிறதே?"

நான் போகத்தான் போகிறேன், மனைவிக்கு இரத்தம் இல்லை, அவளுக்கு ஈரல் கொடுக்கவேண்டும் என்றேன்.

"ஈரல் கடையிலை விக்குது மாஸ்டர்," என்றார்.

கடையில் ஈரல் விற்கிறதுதான். என் மனைவிக்காக மட்டும் நான் அந்த மானுக்குப் போகவில்லை என்பதை இங்கே சொல்லிவிடவேண்டும். மாதக்கணக்காகச் செய்தியைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் செய்ய ஏலாமல் இருந்த கைகளுக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. ஒரு நாளாவது எனக்குத் தெரிந்த ஒன்றைச் சரியாகச் செய்யவேண்டும் போல இருந்தது. முந்திய ஊர்வலங்களுக்கெல்லாம் போனவன் நான். மழையில் பதாகை பிடித்து நின்றவன். நான் பட்டினி கிடந்தால் அங்கே ஒரு பிள்ளைக்கு ஒரு பிடி சோறு கூடப் போகுமா என்று அவர்களிடம் கேட்டேன். அந்தக் கேள்வி இன்றைக்கும் சரியான கேள்விதான். எழும்பிப் போனார்கள்.

சனிக்கிழமை விடியவே வேட்டைக்காரர் போன் எடுத்தார். கத்திகளையும் வாளிகளையும் காரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். பஸ் நிற்கும் இடத்தைக் கடந்துதான் போகவேண்டும். கறுப்புப் பட்டி கட்டியவர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் காரைத் தாமதித்துக் கையைக் காட்டினேன். ஒருவரும் திருப்பிக் காட்டவில்லை.

கொட்டிலில் மான் பின்னங்கால்களில் தொங்கியது. அதன் வாயில் ஒரு சின்ன ஊசியிலைக் கொப்பு செருகியிருந்தது. சுட்ட மிருகத்துக்குக் கடைசியாக ஒரு வாய் சாப்பாடு கொடுப்பது இங்கேயுள்ள வேட்டைக்காரர்களின் வழக்கம். நாங்களும் இறந்தவருக்கு வாய்க்கரிசி போடுவோம் என்று அவருக்கு ஒருமுறை விளங்கப்படுத்தியிருக்கிறேன். அன்றிலிருந்து எனக்குத் தரும் மானுக்குக் கொப்பை அவர் இன்னும் கவனமாக வைப்பார்.

தோலை உரித்துமுடித்து நெஞ்சைத் திறந்துகொண்டிருந்தபோது என்னுடைய போன் அடித்தது. கை முழுக்க இரத்தம். வேட்டைக்காரர்தான் என் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து என் காதில் பிடித்தார். ரொறன்ரோவிலிருந்து மனைவியின் ஒன்றுவிட்ட தங்கை. சண்டை நடந்த இடத்துக்குள்ளே யாரிடமோ இருந்த சற்றலைட் போனில் ஒருவர் அவளோடு இரண்டு வசனம் கதைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை, அவனுடைய பதுங்குகுழி வாசலில் செல் குண்டு விழுந்ததாம். அவர் பக்கத்துக் குழியில் இருந்தவர். மண் போட்டு மூடியதும் அவர்தான்.

"அத்தான், அக்காவுக்கு நீங்கள்தான் சொல்லவேணும். நான் போன் எடுத்தால் அழுதுபோடுவன்."

நான் சொல்லுகிறேன் என்றேன். அக்காவுக்குச் சுகமில்லை, அதனால் இப்போதைக்கு ஒருவரும் போன் எடுக்கவேண்டாம், மற்றச் சொந்தக்காரருக்கும் அப்படியே சொல்லிவிடும் என்றேன். அவள் உடனே ஒத்துக்கொண்டாள்.

கெட்ட செய்தியா என்று வேட்டைக்காரர் கேட்டார். சொன்னேன். தொப்பியைக் கழற்றினார். கத்தியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போ, மானை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். போயிருக்கலாம். நான் போகவில்லை. ஒரு நரம்பும் தவறாமல் வெட்டி முடித்தேன். கைகள் வழக்கத்தை விடச் சரியாக வேலைசெய்தன. தலையை எடுக்கும்போது அந்தக் கொப்பை வாயிலிருந்து இழுக்கவேண்டியிருந்தது. அங்கே மட்டும் கொஞ்ச நேரம் நின்றேன். அவனுக்கு வாயில் அரிசி போட யாரும் இருந்திருக்கமாட்டார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் எனக்குள் சொல்லிக்கொண்டது இதுதான். இப்போது சொன்னால் வீட்டுக்குத் துடக்கு, சாவுத் தீட்டு வந்துவிடும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும் வரை மச்சம் மாமிசம் உள்ளே வராது. அவள் தண்ணீரும் குடிக்கமாட்டாள். இந்த உடம்போடு, வெறும் வயிற்றில், அந்தச் செய்தியைத் தாங்கமாட்டாள். ஒரு கோப்பை சூப் உள்ளே போகட்டும், பிறகு சொல்லுவோம்.

காலெலும்பைத் தட்டிப் போட்டு மிளகு, சீரகம், மல்லி, உள்ளியோடு அவியவைத்தேன். மணத்துக்கு அவள் குசினிக்கு வந்து கதிரையில் இருந்தாள்.

"ஆரும் போன் எடுத்தவையோ?"

"இல்லை," என்றேன்.

அவள் தன்னுடைய போனை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கும் காலமையிலிருந்து ஒருத்தரும் எடுக்கேல்லை. கெட்டது நடந்திருந்தால் இவ்வளவுக்குள்ளை எடுத்திருப்பினம். எல்லாரும் பேசாமல் இருக்கினம் எண்டால் அவன் எங்கையோ இருக்கிறான்."

பிறகு கோப்பையைத் தன் பக்கம் இழுத்தாள். "தாங்கோ கொஞ்சம்."

அந்த அமைதியைச் செய்தவன் நான். அந்த அமைதியைத்தான் அவள் நம்பிச் சாப்பிட்டாள். அந்த நேரம் இதை நான் யோசிக்கவில்லை. அவள் சூப்பைக் குடித்து, எலும்பை உறிஞ்சி, இன்னும் கொஞ்சம் கேட்டபோது எனக்கு வந்தது சந்தோஷம். வாயைத் திறந்து சொல்ல நினைத்த நேரம், கொஞ்சம் படுக்கப்போகிறேன் என்றாள். பல கிழமைகளுக்குப் பிறகு அன்றுதான் அசந்து நித்திரை கொண்டாள். நித்திரையால் எழுப்பிச் சொல்ல மனம் வரவில்லை.

பின்னேரம் கராஜில் பொலித்தீனை விரித்து ஆறு கூறு வைத்தேன். சுவரைப் பார்த்து நிற்க ஆள் இல்லை. பஸ் திரும்பி வந்திருக்கும் என்று நினைத்து ஒவ்வொருவருக்கும் போன் எடுத்தேன். பஸ் ஒழுங்கு செய்த இளையவர் மட்டும் போனைத் தூக்கினார்.

"மாஸ்டர், உங்களுக்கு வெக்கமில்லையோ?"

"இல்லை," என்றேன்.

ஆறு கூறையும் எங்கள் குளிர்ப்பெட்டிக்குள் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஈரலைப் பொரித்தேன். இரத்த வறையும் புட்டும் வைத்தேன். அவள் இரண்டு நேரமும் சாப்பிட்டாள். முகத்தில் இரத்தம் ஓடுவதுபோல எனக்குத் தெரிந்தது. விலங்கியல் படித்தவனுக்கு ஒரு நாளில் இரத்தம் ஊறாது என்று தெரியும், ஆனாலும் தெரிந்தது. திங்கட்கிழமை எல்லாம் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். ஊர்ச்சனம் ஒரு வீட்டில் கூடி அழுதது. அவளும் எல்லோருடைய பிள்ளைகளுக்காகவும் அழுதாள். வீட்டுக்கு வந்து சோர்ந்துபோய் இருந்தவளுக்கு நான் மிச்சக் குழம்பில் பாண் துண்டைத் தோய்த்து என் கையால் தீத்தினேன். தப்பி முகாமுக்கு வருகிறவர்களின் பெயர்கள் இனி வரும், அவனுடையதும் வரும் என்று சொல்லிச் சொல்லி வாயைத் திறந்தாள். நான் 'ஓம், வரும்' என்றேன். நடந்த எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் கேவலமாகத் தெரிவது அந்த 'ஓம்'தான்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிபோல, இப்போதுதான் ரொறன்ரோவிலிருந்து போன் எடுத்தார்கள் என்று பொய் சொல்லி, செய்தியைச் சொன்னேன். எப்போது என்று கேட்டாள். நாள் தெரியாதாம் என்றேன். வெள்ளி என்று சொன்னால், அவன் செத்த பிறகு தான் சாப்பிட்டது அவளுக்கு விளங்கிவிடும் என்று பயந்தேன். அவள் அழுத விதத்தை எழுதமாட்டேன். அது அவளுடையது.

பின்னேரம் ஐயரோடு கதைத்தாள். போனை மேசையில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி விட்டிருந்தாள். அந்தியேட்டிக்கு நாள் எண்ணவேண்டும், எந்தத் திதியில் நடந்தது என்று ஐயர் கேட்டார். தெரியாது, இன்றைக்குத்தான் கேள்விப்பட்டோம் என்றாள்.

"தெரியாட்டில் கேள்விப்பட்ட நாளை வைப்பம் அம்மா. சாத்திரத்திலை அதுக்கு இடம் இருக்கு. இனி வருஷா வருஷம் அதுதான் அவருக்குத் திதி."

வருஷா வருஷம். அந்தச் சொல்லோடு என்னால் இருக்க முடியவில்லை. உடல் இல்லை, சாம்பல் இல்லை, புதைத்த கிடங்கை இனி யாரும் தேடிப் பிடிக்கவும் முடியாது. அவனுக்கென்று மிஞ்சியிருந்தது அந்த நாள் ஒன்றுதான். அதையும் நான் மாற்றி வைத்திருந்தேன். அக்கா படைக்கும் சோறு ஒவ்வொரு வருடமும் பிழையான நாளில் அவனுக்குப் போகும்.

"வெள்ளிக்கிழமை, ஐயா," என்றேன். "சனி காலமை எனக்குச் சொன்னவை."

ஐயர், "அப்ப வெள்ளியிலையிருந்து எண்ணுவம்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அவள் என்னைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்தபடிதான் கேட்டாள்.

"சனிக்கிழமை நான் கேட்டனான். ஆரும் போன் எடுத்தவையோ எண்டு."

"ஓம்."

"அவன் இருக்கிறான் எண்டுதான் நான் சாப்பிட்டனான்."

எழும்பிப் போய்க் குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்தாள். நிறுத்துவாள் என்று பார்த்தேன், நிறுத்தவில்லை. உமக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்றுதான் செய்தேன் என்று அவளுடைய முதுகுக்குச் சொன்னேன். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்டதோ தெரியாது. கடைசியில் குழாயை மூடிவிட்டுக் குளிசைப் போத்தலை எடுத்தாள். என் முன்னால் வந்து நின்று ஒன்றை விழுங்கினாள். அன்றிலிருந்து ஒரு நாளும் தவறவிடாமல் குளிசை எடுத்தாள். கோடை முடிவில் டொக்டர் இரத்தம் நன்றாக ஏறியிருக்கிறது என்று பாராட்டினார். நான் காய்ச்சிக் கொடுப்பதைத் தின்னத் தேவையில்லாமல் இருப்பதற்காகத்தான் அவள் அதை எடுத்தாள். இது அவள் சொல்லி எனக்குத் தெரியவேண்டியதில்லை.

அதற்குப் பிறகு அவள் மாமிசம் தொட்டதில்லை. அது பெரிய விஷயம் இல்லை, எத்தனையோ பேர் விடுகிறார்கள். நான் ஆக்கிய எதையும் அவள் தொட்டதில்லை என்பதுதான் விஷயம். எனக்குச் சமைத்துத் தருவாள், பக்கத்தில் இருந்து கதைப்பாள், என் சட்டைக்குத் தெறி தைப்பாள். நான் போட்ட தேத்தண்ணீர் மட்டும் மேசையிலேயே ஆறிப்போகும். காரணத்தை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. மகளுக்கே பல வருடங்களின் பிறகு நான்தான் சொன்னேன். ஊர் என்னைக் குறைசொன்னபோது, அவர் எனக்காகத்தான் போனவர் என்று சொல்லி அவர்களின் வாயை அடைத்ததும் அவள்தான். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நிமிர்ந்து நிற்க ஏலாமல் இருக்கிறது.

மற்றவர்களுக்கு முன்னால் நான் நிமிர்ந்துதான் நிற்கிறேன். அந்தியேட்டி முடிந்த பிறகு குளிர்ப்பெட்டியைத் திறந்து, கராஜில் அடுப்பு வைத்து, ஆறு கூறையும் நான் ஒருவனே அந்தக் குளிர்காலம் முடியும் வரைக்கும் சமைத்துத் தின்றேன். குடலும் தலையும் வத்தலும், எல்லாம். சுட்டவனும் வெட்டினவனும் அந்த மிருகத்துக்குக் கொடுக்கக்கூடிய மரியாதை அது ஒன்றுதான். யார் செத்தாலும் அது மாறாது.

அடுத்த மே மாதம் இளையவர் கராஜ் வாசலில் வந்து நின்றார். பங்கு போடுகிறோமா என்று கேட்கவும் முடியாமல் போகவும் முடியாமல் நின்று, கடைசியில், "ஈரல் கொஞ்சம் கூட விழுந்தால் நல்லம் மாஸ்டர். மனுசிக்கு இரத்தம் குறைவாம்," என்றார்.

"ஈரல் கடையிலை விக்குது தம்பி," என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டு நின்றார். சுவரைப் பார்த்து நில்லும் என்றேன். நின்றார். பங்கு போட்டோம். பெரிய ஈரல் துண்டு எந்தக் கூறில் இருந்தது என்பதைக் குரலில் காட்டிக்கொடுத்தேன். அந்த ஒரு முறை உண்மையாகவே காட்டினேன்.

போன குளிர்காலத்தில் மனைவி பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து வலது கை முறிந்தது. காலையில் மாநகரசபையிலிருந்து ஒரு பெண் உதவிக்கு வருவாள். அவள் தரும் கஞ்சியை மனைவி குடிப்பாள். ஒரு நாள் பனிக்கொட்டலில் ரோட்டு மூடி அந்தப் பெண் வரவில்லை. நான் அரிசியும் பயறும் போட்டுக் கஞ்சி காய்ச்சி அவளுக்கு முன்னால் வைத்தேன். மகள் வரட்டும் என்றாள். ரோட்டுத் திறந்து, ஒடென்சேயிலிருந்து மகள் வந்து சேர மத்தியானம் தாண்டிவிட்டது. அவள் அடுப்பில் இருந்த என்னுடைய கஞ்சியைச் சூடாக்கி, தான் காய்ச்சினதுபோல வேறு கோப்பையில் ஊற்றினாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்ததும் கையைப் பிடித்து, பேசாமல் இருங்கள், முதலில் அம்மா சாப்பிடட்டும் என்று டேனிஷில் மெதுவாகச் சொன்னாள். பிறகு தாய்க்குப் பக்கத்தில் போய் இருந்து கரண்டியைத் தூக்கினாள். மனைவி வாயைத் திறந்தாள். காலையிலிருந்து பசி, கஞ்சியைப் பார்த்த பார்வையிலேயே அது தெரிந்தது.

"அது நான் காய்ச்சினது," என்றேன்.

வாய் மூடிக்கொண்டது. மகள் கரண்டியைக் கோப்பைக்குள் போட்டுவிட்டு என்மேல் பாய்ந்தாள். அம்மா குடித்திருப்பா, உங்களுக்கு என்ன விசர் பிடித்திருக்கிறதா என்று டேனிஷிலும் தமிழிலும் மாறி மாறி ஏசினாள். மனைவி இடது கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"இப்பவெண்டாலும் சொல்லத் தெரியுது," என்றாள். கோப்பையை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

மகள் புதிதாக அரிசியைக் கழுவி அடுப்பில் வைத்தாள். அது கொதித்து வரும் வரைக்கும் மூன்று பேரும் பசியோடு குசினியில் இருந்தோம்.